எட்டில் ஒருவர்

குடும்பத்தில் யாருக்கும் இல்லையே

குழந்தை பிறந்தபோது எடை சரியாக இருந்தது. பால் குடித்தது, குப்புற விழுந்தது, முகம் பார்த்துச் சிரித்தது. ஆறு மாதம் கடந்த பிறகு மெல்ல வெளிறத் தொடங்கியது. சத்துக் குறைவு என்றார்கள், பல் முளைக்கும் நேரம் என்றார்கள். கடைசியில் ஒரு ரத்தப் பரிசோதனை உண்மையைச் சொன்னது: தலசீமியா மேஜர். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுவதும் ரத்தம் ஏற்ற வேண்டும்.

இப்படிப்பட்ட பெற்றோர் எல்லா ஊர்களிலும் மருத்துவரிடம் கேட்பது ஒரே கேள்விதான். "எங்க ரெண்டு பேர் குடும்பத்திலயும் இப்படி யாருக்கும் இல்லையே டாக்டர். சொந்தத்துலகூட நாங்க கல்யாணம் பண்ணிக்கல. அப்புறம் எப்படி?"

நியாயமான கேள்வி. அதற்குள் இரண்டு நம்பிக்கைகள் ஒளிந்திருக்கின்றன. பரம்பரை நோய் என்றால் பரம்பரையில் யாருக்காவது இருந்திருக்க வேண்டும் என்பது ஒன்று. சொந்தத்தில் மணம் முடித்தால்தான் அது வரும் என்பது மற்றொன்று. இரண்டும் ஏன் தவறு என்பதற்கு மத்தியதரைக் கடலில் உள்ள சார்டீனியா தீவைவிடத் தெளிவான பாடம் வேறெங்கும் கிடைக்காது. 1970களில் அங்கே பிறந்த 250 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்த நோய் இருந்தது. அந்தக் கணக்கை மாற்றிக் காட்டியவர் அத்தீவின் தலைநகரான காலியாரியில் 1929இல் பிறந்த குழந்தை மருத்துவர் அந்தோனியோ காவோ.

இரண்டு பிரதிகள்

ரத்தத்தின் சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின் என்பது தெரிந்ததே. அது இரண்டு வகைப் புரதச் சங்கிலிகள் சேர்ந்தது. அவற்றுக்கு ஆல்பா, பீட்டா என்று பெயர். பீட்டா சங்கிலியை எப்படிச் செய்வது என்ற குறிப்பு நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று அம்மா தந்தது, மற்றது அப்பா தந்தது. அந்தக் குறிப்புக்குத்தான் மரபணு என்று பெயர்.

ஒரு பிரதி பழுதாகி, மற்றது நன்றாக இருந்தால் பெரிய குறை எதுவும் தெரியாது. சிவப்பணுக்கள் கொஞ்சம் சிறியதாக இருக்கும், ஹீமோகுளோபின் ஒன்றிரண்டு புள்ளி குறையும். அந்த மனிதர் வயலில் வேலை செய்வார், ஓடுவார், பிள்ளை பெறுவார், எண்பது வயதுவரை வாழ்வார். இவர்களை இந்த அத்தியாயத்தில் 'சுமப்பவர்' என்று அழைக்கிறேன். மருத்துவமனைகளில் கேரியர் என்றோ தலசீமியா மைனர் என்றோ சொல்வார்கள்.

இரண்டு பிரதிகளும் பழுதானால் நிலைமை வேறு. பீட்டா சங்கிலி உருவாவதே இல்லை, அல்லது மிகக் குறைவாக உருவாகிறது. துணை கிடைக்காத ஆல்பா சங்கிலிகள் குவிந்து, எலும்பு மஜ்ஜைக்குள்ளேயே சிவப்பணுக்களைக் கொன்றுவிடுகின்றன. உடல் விடாமல் முயல்கிறது. மஜ்ஜை பெருத்து எலும்பை உப்பவைக்கிறது, மண்ணீரல் வீங்குகிறது. வயிற்றுக்குள் இருக்கும்போது குழந்தை பீட்டாவை அதிகம் பயன்படுத்துவதில்லை. அதற்கென்று தனியாக ஒரு கருக்கால ஹீமோகுளோபின் உண்டு. பிறந்து சில மாதங்களில் அது அடங்கி, பீட்டா பொறுப்பேற்க வேண்டிய நேரத்தில்தான் குறை வெளிப்படுகிறது. ஆறு மாதம் வரை குழந்தை நன்றாக இருந்ததன் மர்மம் இவ்வளவுதான்.

பதினாறு வீடுகள்

கணவன், மனைவி இருவரும் சுமப்பவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள இரண்டு பிரதிகளில் ஏதோ ஒன்றைத்தான் குழந்தைக்குத் தருகிறார்கள். அம்மாவிடமிருந்து பழுதானது வர இரண்டில் ஒரு வாய்ப்பு, அப்பாவிடமிருந்தும் அப்படியே. இரண்டும் பழுதாக வர நான்கில் ஒரு வாய்ப்பு. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் இந்தக் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. "முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பேருக்கு வராது" என்று சொல்லித் தேற்றும் உறவினர்கள் நல்ல மனதுக்காரர்கள், ஆனால் கணக்கில் தவறுகிறார்கள்.

இப்போது இப்படிப்பட்ட 16 தம்பதிகளை எடுத்துக்கொள்வோம். எல்லோருக்கும் இரண்டே குழந்தைகள். ஒரு குழந்தை தப்பிக்க நான்கில் மூன்று வாய்ப்பு, இரண்டுமே தப்பிக்க 16இல் 9. அதாவது 9 வீடுகளில் நோய் தலைகாட்டாது. 6 வீடுகளில் ஒரு குழந்தைக்கு வரும். ஒரு வீட்டில் இரண்டுக்குமே வரும். இது சராசரிக் கணக்கு.

சுமப்பவர் ஒருவர் சுமக்காத ஒருவரை மணந்தால் பிள்ளைகளில் யாருக்கும் நோய் வராது, ஆனால் சராசரியாகப் பாதிப் பேர் சுமப்பவர்களாகப் பிறப்பார்கள். இப்படியே தாத்தாவிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேரனுக்கு என்று பழுதான பிரதி சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டிருக்கும். அபூர்வமாக இரண்டு சுமப்பவர்கள் சேர்ந்தாலும், சின்னக் குடும்பங்களின் காலத்தில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் தெரியாமலே தப்பித்துவிடும். குடும்பத்தில் யாருக்கும் நோய் இல்லை என்பதால் மரபணுவும் இல்லை என்று ஆகிவிடாது. நோய் கண்ட வீடுகளில் பெரும்பாலானவற்றில் அந்தக் குழந்தைதான் முதல் நோயாளி.

அந்நியரும் அத்தை மகனும்

சார்டீனியாவில் ஏறத்தாழ 8 பேரில் ஒருவர் சுமப்பவர். இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு, மருத்துவமனைப் பதிவேட்டைப் பார்க்காமலே நோயாளிகள் எத்தனை என்று சொல்லிவிடலாம்.

ஒரு பெண் சுமப்பவராக இருக்க 8இல் 1 வாய்ப்பு. அவர் மணக்கும் ஆணும் அப்படி இருக்க மறுபடி 8இல் 1. இரண்டும் சேர்ந்தால் 64 தம்பதிகளில் ஒன்று. அந்தத் தம்பதிக்குப் பிறக்கும் குழந்தைக்கு நோய் வர 4இல் 1. பெருக்கினால் 256 குழந்தைகளில் ஒன்று. பதிவேடு சொன்னது 250இல் ஒன்று. மருத்துவத்தில் தாளில் போட்ட கணக்கும் தொட்டிலில் கண்டதும் இவ்வளவு நெருங்கி வருவது அரிது.

சொந்தத்தில் மணம் என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. ஒரு பெண் சுமப்பவர் என்றால், அவளுடைய மாமன் மகனுக்கோ அத்தை மகனுக்கோ அதே பிரதி உறவின் வழியாக வந்திருக்க 8இல் 1 வாய்ப்பு. சார்டீனியாவில் தெருவில் எதிர்ப்படும் அந்நியருக்கும் அதே 8இல் 1தான்! அங்கே உறவைத் தவிர்த்து அந்நியரை மணப்பதால் பாதுகாப்பு வந்துவிடாது. உறவில் மணந்தால் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகும், அவ்வளவுதான்.

நம் பக்கம் நிலைமை வேறு. இந்தியாவில் பீட்டா தலசீமியாவைச் சுமப்பவர்கள் சராசரியாக 100க்கு 3 முதல் 4 பேர் என்பார்கள். சமூகத்துக்குச் சமூகம் இது மிகவும் மாறும். கணக்குக்காக 30 பேரில் ஒருவர் என்று வைத்துக்கொண்டால், உறவில்லாத தம்பதியின் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 3600இல் 1. தாய்மாமனை மணந்தால்? அக்காள் மகள் சுமப்பவர் என்றால், அந்தப் பிரதி அம்மா வழியாக வந்திருக்கப் பாதி வாய்ப்பு. அம்மாவிடம் இருப்பது அவள் தம்பியிடமும் இருக்க மறுபடி பாதி. ஆக 4இல் 1. இதோடு, உறவின் வழியாக இல்லாமல் பொதுவாகவே அவர் சுமப்பவராக இருக்கும் வாய்ப்பையும் சேர்த்துப் பெருக்கினால், குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நானூற்றுச் சொச்சத்தில் ஒன்று என்று வரும். ஏறத்தாழ எட்டு மடங்கு. மரபணு அரிதாக உள்ள இடத்தில்தான் உறவுமுறைத் திருமணம் கணக்கைப் பெரிதாகக் குலைக்கிறது. ஆனால் அந்நியரை மணந்தவர்களுக்கும் 3600இல் 1 இருக்கத்தான் செய்கிறது என்பதைக் கவனியுங்கள். கேள்வி கேட்ட அந்தப் பெற்றோர் அந்த ஒன்று.

கொசு வளர்த்த மரபணு

பிள்ளைகளைக் கொல்லும் ஒரு மரபணு எப்படி எட்டில் ஒருவரிடம் நிலைத்திருக்கிறது? ஒவ்வொரு தலைமுறையிலும் நோயாளிக் குழந்தைகளோடு அது கொஞ்சம் கொஞ்சமாக மறைந்திருக்க வேண்டுமே.

1949இல் மரபியல் அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன் ஒரு விடையைச் சொன்னார். (பிற்காலத்தில் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்த அதே ஹால்டேன்தான்.) சுமப்பவர்களின் சிறிய சிவப்பணுக்கள் மலேரியாவைத் தாக்குப்பிடிக்க உதவுகின்றன என்பது அவர் ஊகம். மலேரியா உள்ள ஊரில் சுமப்பவர்கள் மற்றவர்களைவிட அதிகம் பிழைப்பார்கள். இரண்டு பழுதுப் பிரதிகளோடு பிறந்து இறக்கும் குழந்தைகளால் ஏற்படும் இழப்பை, மலேரியாவிலிருந்து தப்பிய சுமப்பவர்கள் ஈடுகட்டிவிடுவார்கள்.

சார்டீனியா இதற்கு வாய்த்த பரிசோதனைக் கூடம். 1950களில் இத்தாலிய ஆய்வாளர்கள் அங்கே ஊர் ஊராகப் போனார்கள். கொசு மொய்க்கும் தாழ்நிலக் கிராமங்களில் சுமப்பவர்கள் நிறைந்திருந்தார்கள். கொசு ஏறாத மலைக் கிராமங்களில் மிகக் குறைவு. ஒரே தீவு, ஒரே மக்கள்; வேறுபாடு உயரத்தில்தான்.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மலேரியாவோடு சேர்ந்து வளர்ந்த இன்னொரு பரம்பரை ரத்தக் குறை அரிவாள் அணுச் சோகை. இந்தியாவில் அது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நீலகிரியில். 1952இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் அங்குள்ள பழங்குடி மக்களின் ரத்தத்தில் அதைக் கண்டார்கள்.

1946 முதல் 1950 வரை ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு சார்டீனியா முழுவதும் டி.டி.டி. தெளிக்கப்பட்டு, மலேரியா ஒழிந்தது. மரபணு ஒழியவில்லை. பாதுகாப்புத் தேவைப்படாத காலத்திலும் அதற்கான விலையைத் தீவு கொடுத்துக்கொண்டே இருந்தது.

யாரிடம், எப்போது சொல்வது

சுமப்பவரைக் கண்டுபிடிப்பது கடினமான வேலை இல்லை. சாதாரண ரத்த எண்ணிக்கைச் சோதனையிலேயே சிவப்பணுக்கள் சிறியவை என்று தெரிந்துவிடும். பிறகு ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை 3.5 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் கர்ப்பிணிகள் மாதக்கணக்கில் இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் பத்தைத் தாண்டவில்லை என்றால், அதற்குப் பின்னால் சில சமயம் இருப்பது இதுதான். (அதற்காக மாத்திரையைத் தாமே நிறுத்திவிடக் கூடாது. சுமப்பவருக்கும் இரும்புக் குறைவு வரலாம், இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.)

கடினமானது, கண்டுபிடித்ததை என்ன செய்வது என்பதுதான். கிரேக்க நாட்டில் ஓர்கோமெனோஸ் என்ற ஊரில் அரிவாள் அணு மரபணு நிறைந்திருந்தது. மருத்துவர்கள் ஊரையே சோதித்து, யார் யார் சுமப்பவர் என்று அவரவருக்குச் சொன்னார்கள். தெரிந்துகொண்டவர்கள் தம்மைப்போன்ற இன்னொருவரை மணக்காமல் தவிர்த்துக்கொள்வார்கள் என்பது எதிர்பார்ப்பு. சில ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோது, இரண்டு சுமப்பவர்கள் சேர்ந்த திருமணங்கள் தற்செயலாக நடந்திருக்கக்கூடிய அதே அளவில் நடந்திருந்தன. பெரியவர்கள் பேசி முடிக்கும் திருமணங்கள் அவை. சுமப்பவர் என்று தெரிந்தால் வரன் தட்டிப்போகும் என்று பயந்து பலர் மறைத்துவிட்டார்கள். சோதனையால் நோய் குறையவில்லை. புதிதாக ஓர் இழிவுதான் வந்து சேர்ந்தது.

ஜாதகப் பொருத்தத்தோடு ரத்தப் பொருத்தமும் பார்ப்போம் என்று இந்தியாவில் அவ்வப்போது ஒரு முழக்கம் எழுகிறது. நல்ல எண்ணம்தான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஓர்கோமெனோஸில் நடந்தது நம் ஊரில் நடக்காது என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. மறைக்கும் பாரம் பெரும்பாலும் பெண் வீட்டின் தலையில்தான் விழும்.

சைப்ரஸ் தீவு வேறு வழியில் போனது. அங்கே திருமணத்துக்கு முன் சோதனை செய்துகொண்டதற்கான சான்றிதழைத் திருச்சபை கேட்கிறது. ஆனால் அந்தச் சான்றிதழில் முடிவு எழுதியிருக்காது. சோதிக்கப்பட்டார்கள், ஆலோசனை பெற்றார்கள் என்று மட்டுமே இருக்கும். மணப்பதா வேண்டாமா என்பது அந்த இருவரின் முடிவு. இருவரும் சுமப்பவர் என்று தெரிந்த பிறகும் பெரும்பாலோர் திருமணத்தை நிறுத்துவதில்லை.

1970களின் நடுவில் காலியாரியில் காவோ தொடங்கிய திட்டத்தில் கட்டாயம் எதுவும் இல்லை. யாரை மணக்கலாம் என்று அது யாருக்கும் சொல்லவில்லை. பிள்ளை பெற நினைக்கும் தம்பதிகளைத்தான் அது தேடிப் போனது. ஊர் மருத்துவர்கள், பிரசவம் பார்ப்பவர்கள், பள்ளிகள், செய்தித்தாள்கள் வழியாகச் செய்தி பரவியது. சோதனை விருப்பத்தின் பேரில். ஆலோசனை தனி அறையில், அந்தத் தம்பதியிடம் மட்டும். மருத்துவர் தகவல்களைச் சொல்வார், முடிவைச் சொல்ல மாட்டார்.

இதோடு இன்னொரு உத்தியும் சேர்ந்தது. இந்த அத்தியாயத்தில் நான் மிக முக்கியமாக நினைப்பது அதைத்தான். தீவில் யாரையோ ஒருவரைப் பிடித்துச் சோதித்தால் சுமப்பவர் கிடைக்க 8இல் 1 வாய்ப்பு. ஏற்கெனவே கண்டறியப்பட்ட சுமப்பவரின் அண்ணனையோ தங்கையையோ சோதித்தால் குறைந்தது 2இல் 1. ஒரே சோதனைக்கு நான்கு மடங்கு பலன். எனவே ஒருவர் சுமப்பவர் என்று தெரிந்ததும் உடன்பிறந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் என்று உறவின் கிளைகளில் சோதனை பரவியது. தீவு முழுவதையும் சோதிக்காமலே, ஆபத்துள்ள தம்பதிகளில் பெரும்பாலானவர்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். விலை உயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. யார் யாருக்கு உறவு என்ற பட்டியல் போதுமானதாக இருந்தது.

கருவைப் படித்தல்

இருவரும் சுமப்பவர் என்று தெரிந்துவிட்டது. மனைவி கர்ப்பம். இப்போது என்ன?

1975இல் யுவெட் வாய் கான் என்ற ஹாங்காங் பிறப்புடைய அமெரிக்க மருத்துவர், கருவின் ரத்தத்தில் ஒரு துளியை எடுத்து, அதில் பீட்டா சங்கிலி உருவாகிறதா என்று பார்த்துத் தலசீமியாவைக் கண்டறிய முடியும் என்று காட்டினார். 1977 முதல் காலியாரியிலும் இந்த முறை நடைமுறைக்கு வந்தது. ஆனால் கருவின் ரத்தம் கிடைக்க ஐந்தாம் மாதம் நெருங்க வேண்டும். குழந்தையின் அசைவைத் தாய் உணரத் தொடங்கும் காலம் அது. சோதனையாலேயே கரு கலையும் ஆபத்தும் கணிசமாக இருந்தது. இத்தாலியில் கருக்கலைப்பு சட்டப்படி அனுமதிக்கப்பட்டதே 1978இல்தான். எதைத் தேர்ந்தாலும் வலிக்கும் ஒரு கேள்வியோடு அந்தப் பெண்கள் பரிசோதனை மேசைக்கு வந்தார்கள்.

ரத்தத்தை விட்டு மரபணுவையே படிக்க முடிந்தால் இவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம். எந்த உயிரணுவிலும் மரபணு இருக்கிறது. இங்கேயும் தீவு கைகொடுத்தது. உலகில் பீட்டா மரபணுவைப் பழுதாக்கும் மாற்றங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. சார்டீனியாவில் சுமப்பவர்களில் 100க்கு 95 பேருக்கு ஒரே மாற்றம்தான். பீட்டா சங்கிலி 146 கண்ணிகள் கொண்டது. ஒவ்வொரு கண்ணிக்கும் மரபணுவில் மூன்று எழுத்துகள். 39ஆம் கண்ணிக்கான இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியதால், வாக்கியத்தின் நடுவே முற்றுப்புள்ளி விழுந்ததுபோல உற்பத்தி அங்கேயே நின்றுவிடுகிறது. 38 கண்ணிகளோடு நின்ற துண்டு எதற்கும் உதவாது.

தேட வேண்டியது ஒரே எழுத்து என்றால் வேலை எளிது. 1983இல் மரியோ பிராஸ்து, கான், காவோ ஆகியோர் அடங்கிய குழு அந்த ஓர் எழுத்தையே நேரடியாகத் தேடிக் கருவின் நிலையைச் சொல்லும் முறையை வெளியிட்டது. பனிக்குட நீரில் மிதக்கும் உயிரணுக்கள் போதும் என்றாயிற்று. பிறகு நஞ்சுத் திசுவில் ஒரு துணுக்கை எடுத்து, பத்துப் பன்னிரண்டு வாரத்திலேயே முடிவு சொல்ல முடிந்தது. ஐந்தாம் மாதம் மூன்றாம் மாதமாக ஆனபோது சோதனைக்கு ஒப்புக்கொள்ளும் பெண்களின் எண்ணிக்கையும் கூடியது.

1990களில் சார்டீனியாவில் நோயோடு பிறக்கும் குழந்தைகள் 4000இல் ஒன்றாகக் குறைந்தார்கள்.

இதைப் படிக்கும்போது சிலருக்கு ஒரு நெருடல் வரும். குழந்தைகளைப் பிறக்க விடாமல் செய்ததா வெற்றி? அந்த நெருடலுக்கு ஒரு பதில் லண்டனிலிருந்து வந்தது. அங்கே சைப்ரஸிலிருந்து குடியேறிய குடும்பங்களையும் பிற குடும்பங்களையும் பல ஆண்டுகள் கவனித்த மருத்துவர் பெர்னடெட் மாடல், 1980இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கருநிலைச் சோதனை வருவதற்கு முன், ஆபத்து தெரிந்த தம்பதிகள் பிள்ளை பெறுவதையே நிறுத்தியிருந்தார்கள். தற்செயலாகக் கரு தங்கினாலும் பலர் கலைத்துவிட்டார்கள். அந்தக் கருக்களில் நான்கில் மூன்று நோயற்றவையாக இருந்திருக்கும். சோதனை வந்த பிறகு அதே தம்பதிகள் மறுபடியும் பிள்ளை பெறத் தொடங்கினார்கள். 250, 4000 என்று எண்ணுகிற புள்ளிவிவரத்தில் இந்தப் பிள்ளைகள் தெரிவதில்லை. இந்த வேலையின் பெரிய பலனாக நான் கருதுவது அவர்களைத்தான்.

நோயோடு வளர்ந்த பெண்

பிறந்துவிட்டவர்களின் கதையும் இதே காலத்தில் மாறியது. அதற்குத் திறவுகோல் இரும்பு.

நம் உடலில் இருந்து ஒரு நாளில் வெளியேறும் இரும்பு ஏறத்தாழ 1 மில்லிகிராம். அதற்குமேல் வெளியேற்ற உடலுக்கு வழியே இல்லை. ஏற்றப்படும் ஒரு யூனிட் ரத்தத்திலோ 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு யூனிட் என்று வைத்தால், ஆண்டுக்கு 17 யூனிட். 3400 மில்லிகிராமுக்கு மேல். வளர்ந்த ஒரு மனிதரின் உடலிலுள்ள மொத்த இரும்பே இவ்வளவுதான் இருக்கும். உயிர் காக்கும் ரத்தமே ஆண்டுதோறும் இன்னொரு மனிதருடைய இரும்பைக் கொண்டுவந்து உள்ளே கொட்டுகிறது.

அது இதயத்திலும் கல்லீரலிலும் படிகிறது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலும் படிகிறது. பருவமடையச் சொல்லி உடலுக்குக் கட்டளை அனுப்புவது அந்தச் சுரப்பி. பல பெண்கள் பூப்படையவில்லை, பல ஆண்களுக்கு மீசை அரும்பவில்லை. முன்பெல்லாம் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. இருபது வயதைத் தாண்டுவார்களா என்பதே கேள்வியாக இருந்தபோது தாய்மையைப் பற்றி யார் பேசுவார்?

1970களின் பிற்பகுதியில், இரவு முழுவதும் தோலுக்கடியில் மருந்தைச் செலுத்தும் சிறு பம்பு வந்தது. டெஸ்ஃபெரியாக்சமின் என்ற அந்த மருந்து இரும்பைப் பிடித்து வெளியே கொண்டுபோகும். பின்னர் வாயால் உட்கொள்ளும் மாத்திரைகளும் வந்தன. சிறு வயதிலிருந்தே ஒழுங்காக மருந்து எடுத்தவர்கள் பருவமடைந்தார்கள், படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், மணம் முடித்தார்கள். பிட்யூட்டரி பழுதானவர்களிலும் பலருக்குக் கருப்பையும் சினைப்பையும் நன்றாகவே இருக்கின்றன. கட்டளை மட்டும்தான் வரவில்லை. அந்தக் கட்டளையை ஹார்மோன் ஊசியாகத் தந்தால் கருமுட்டை முதிர்கிறது.

தலசீமியா மேஜர் உள்ள பெண் இன்று தாயாக முடியும். முன்கூட்டித் திட்டமிட்டாக வேண்டும். இதயத்தில் எவ்வளவு இரும்பு படிந்திருக்கிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். கர்ப்பம் தரிக்கும் முன் இரும்பை வெளியேற்றும் மாத்திரைகளை நிறுத்த வேண்டும், கர்ப்ப காலத்தில் ரத்தம் அடிக்கடி தேவைப்படும். கணவரின் ரத்தத்தையும் சோதித்தாக வேண்டும். அவர் சுமக்காதவர் என்றால் பிள்ளைகள் அனைவரும் சுமப்பவர்கள், ஒருவருக்கும் நோய் இல்லை. அவரும் சுமப்பவர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் இரண்டில் ஒரு வாய்ப்பு.

நோயையே தீர்க்கும் வழிகளும் உண்டு. பொருத்தமான கொடையாளர் கிடைத்தால் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் அது 1986இலிருந்தே நடக்கிறது. 2008இல் சார்டீனிய மக்களின் மரபணுக்களை ஆராய்ந்த குழு (காவோவும் அதில் இருந்தார்) இன்னொன்றைக் கண்டது. பி.சி.எல்.11ஏ என்ற மரபணுவின் ஒரு வடிவம் உள்ளவர்களிடம் கருக்கால ஹீமோகுளோபின் முழுதாக அடங்குவதில்லை, அதனால் நோயும் கடுமையாவதில்லை. அதே மரபணுவைக் குறிவைத்து நோயாளியின் சொந்த உயிரணுக்களைத் திருத்தும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதி தந்தது. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். காவோ 2012இல் காலமானார், இதைப் பார்க்கவில்லை.

எப்போது சோதிப்பது

22 லட்சம் டாலர் சிகிச்சையைப் பற்றி நாம் இப்போதைக்குச் செய்தி மட்டுமே படிக்கலாம். உறவுப் பட்டியல் எல்லோரிடமும் இருக்கிறது.

பிள்ளை பெறத் திட்டமிடும் தம்பதிகள் முதலில் ஒரு சாதாரண ரத்த எண்ணிக்கைச் சோதனையும், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. சோதனையும் செய்துகொள்ளலாம். கர்ப்பமான பிறகுதான் நினைவு வந்தது என்றால் முதல் மருத்துவச் சந்திப்பிலேயே கேளுங்கள். மனைவி சுமப்பவர் என்று முடிவு வந்தால், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளாமல் அந்த வாரமே கணவரையும் சோதிக்க வேண்டும். நஞ்சுத் திசுச் சோதனைக்குரிய வாரங்கள் வேகமாகக் கடந்துவிடும். இருவரும் சுமப்பவர்கள் என்றால் மரபியல் ஆலோசகரிடம் போங்கள். என்ன செய்வது என்பது உங்கள் இருவரின் முடிவு. மாமியாருக்கும் மருத்துவருக்கும் அதில் வாக்கு இல்லை.

உங்களில் ஒருவர் மட்டும் சுமப்பவர் என்று வந்தால் உங்கள் பிள்ளைகளுக்கு இந்த நோய் வராது. பெரும்பாலோர் அந்த நிம்மதியில் அறிக்கையை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை ஒவ்வொருவரும் சுமப்பவராக இருக்கக் குறைந்தது பாதி வாய்ப்பு இருக்கிறது. அன்று மாலையே அவர்களை அழைத்துச் சொல்லுங்கள்.